96 நிமிடமா, 82 நிமிடமா? ஒரு பழைய மாந்திரீகப் படத்தின் வட்டுகள் பற்றி வாசகர் கேள்விகள்

'நைட் ஆஃப் தி டீமன்' என்ற 1957-ஆம் ஆண்டு ஆங்கிலக் கறுப்பு-வெள்ளைப் படத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். ழாக் தூர்னேர் இயக்கிய அந்தப் படத்தில் மாந்திரீகக் கூட்டம் ஒன்றின் தலைவனான கார்ஸ்வெல், தன்னை எதிர்ப்பவர்களிடம் ரூன் என்னும் பழங்கால வட ஐரோப்பிய எழுத்துகள் பொறித்த ஒரு துண்டுத் தாளை அவர்கள் அறியாமலே சேர்த்துவிடுகிறான். தாளைப் பெற்றவர் குறித்த நாளில், குறித்த நேரத்தில் ஒரு பேயிடம் சிக்கி இறந்துபோவார். இவற்றையெல்லாம் நம்ப மறுக்கும் அமெரிக்க உளவியல் அறிஞர் ஹோல்டன், தன் காகிதங்களுக்கு இடையிலேயே அந்தத் தாளைக் கண்டெடுக்கிறார். இந்தப் படத்தின் எந்த வட்டை வாங்குவது என்று கேட்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி என்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் 2002-இல் வெளியான டிவிடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் அட்டையில் 'கர்ஸ் ஆஃப் தி டீமன்', 'நைட் ஆஃப் தி டீமன்' என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. இவை இரண்டு படங்களா, ஒரே படமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

பதில்: ஒரே படம்தான், ஐயா. ஆனால் ஒரே படத்தின் இரண்டு வடிவங்கள் அந்த வட்டில் இருக்கின்றன. இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட முழுப் படம் ஏறக்குறைய 96 நிமிடங்கள் ஓடும். அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் இதை வெளியிட்டபோது பெயரை 'கர்ஸ் ஆஃப் தி டீமன்' என்று மாற்றியதோடு, படம் வேகமாக நகர வேண்டும் என்பதற்காகச் சுமார் 14 நிமிடங்களை வெட்டி 82 நிமிடங்களாகச் சுருக்கியது. உங்களிடம் உள்ள டிவிடி இரண்டு வடிவங்களையும் அகலத்திரை அளவில் ஒரே வட்டில் தந்தது. சுருக்கப்பட்ட வடிவத்தை மட்டுமே பார்க்க முடிந்த பலருக்கு முழுப் படமும் கையில் கிடைத்தது அந்த வட்டினால்தான் என்பதால், அதைப் பழையது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பிரிட்டிஷ்காரர்கள் முழுப் படத்தைப் பார்த்தார்கள், அமெரிக்கர்களுக்குத்தான் வெட்டுப்பட்ட படம் கிடைத்தது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். 2018 அக்டோபரில் பிரிட்டனின் பவர்ஹவுஸ் ஃபிலிம்ஸ் தன்னுடைய இண்டிகேட்டர் வரிசையில் இந்தப் படத்தை இரண்டு ப்ளூ-ரே வட்டுகளாக வெளியிட்டபோது, அந்தக் கணக்கு திருத்தப்பட்டது. அந்தத் தொகுப்பில் நான்கு வடிவங்கள் உள்ளன. 'நைட் ஆஃப் தி டீமன்' என்ற பெயரில் வெளியீட்டுக்கு முந்தைய 96 நிமிட முழு வடிவமும், பிரிட்டிஷ் திரையரங்குகளில் ஓடிய 82 நிமிட வடிவமும் இருக்கின்றன. 'கர்ஸ் ஆஃப் தி டீமன்' என்ற பெயரில் அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடிய 82 நிமிட வடிவமும், பின்னாளில் அங்கே மறுவெளியீடு கண்ட 96 நிமிட வடிவமும் இருக்கின்றன. பிரிட்டனிலும் மக்கள் முதலில் பார்த்தது வெட்டுப்பட்ட படத்தைத்தான் என்பதே இந்தப் பட்டியலின் பொருள்.

ஆகவே பெயரை வைத்து நீளத்தை முடிவு செய்ய முடியாது. இந்தப் படத்தின் வட்டு எதைக் கையில் எடுத்தாலும், தலைப்பைப் படிப்பதற்கு முன்னால் பின்னட்டையில் உள்ள நிமிடக் கணக்கைப் பாருங்கள்.

கேள்வி: 14 நிமிடங்கள் குறைந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது? பழைய படங்கள் மெதுவாக நகர்கின்றன என்று என் பிள்ளைகள் அலுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குச் சிறிய வடிவத்தையே போட்டுக் காட்டலாமா? (இல்லத்தரசி, திருச்சி)

பதில்: தயவுசெய்து வேண்டாம், அம்மா. எந்தப் பதினான்கு நிமிடங்கள் வெட்டப்பட்டன என்று பார்த்தால் நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது விளங்கும்.

முதலாவதாக, ஹோபார்ட் குடும்பத்தின் பண்ணை வீட்டுக்கு ஹோல்டன் செல்லும் காட்சி வெட்டப்பட்டது. ராண்ட் ஹோபார்ட் என்பவன் கார்ஸ்வெலின் கூட்டத்தைச் சேர்ந்தவன். கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, பேச்சு மூச்சின்றி உணர்விழந்த நிலையில் காவலில் இருக்கிறான். அவனை மனவசியத்துக்கு உட்படுத்திப் பேசவைக்க அவனுடைய தாயின் சம்மதம் வேண்டும். அதைக் கேட்டுத்தான் ஹோல்டன் அந்த வீட்டுக்குப் போகிறார். இருண்ட அறையில் இறுகிய முகங்களோடு நிற்கும் அந்தக் குடும்பம், ஹோல்டனிடம் இருக்கும் தாளைக் கண்டவுடன் அவரை விட்டு விலகிப் பின்வாங்குகிறது. ஊரில் ஒருவருக்கு ஏவல் வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தவுடன் அக்கம்பக்கத்தார் அவர் வாசலை மிதிக்க அஞ்சுவார்களே, அந்த அச்சத்தின் இங்கிலாந்து வடிவம் அது. அதுவரை கார்ஸ்வெல் என்ற ஒருவனின் வித்தையாக மட்டும் தோன்றிய விஷயம், தலைமுறைகளாக ஒரு மண்ணில் ஊறிப்போன நம்பிக்கை என்று நமக்குப் புலப்படுவது இந்த ஒரு காட்சியில்தான். சிறிய வடிவத்தில் இது இல்லாததால், பின்னால் அறிஞர்கள் கூடியிருக்கும் மேடைக்கு ஹோபார்ட் கொண்டுவரப்படும்போது அவன் யார், எங்கிருந்து வந்தான் என்பதே பார்வையாளருக்குச் சரியாகப் பிடிபடாது. தாளைக் கொடுத்தவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்ற உண்மையை ஹோல்டன் தெரிந்துகொள்வது அவன் வாயிலிருந்துதான். கதையின் முடிச்சை அவிழ்ப்பவனையே அறிமுகமில்லாதவனாக்கிவிடுகிறது அந்த வெட்டு.

இரண்டாவதாக, ஹோல்டன் இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் கற்களுக்கு இடையே நின்று, தன் தாளில் உள்ள எழுத்துகளைக் கல்லில் உள்ள எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சிறு காட்சி வெட்டப்பட்டது. வசனம் ஏதுமின்றி நகரும் இக்காட்சியில், அதுவரை எல்லாவற்றையும் எள்ளி நகையாடி வந்த மனிதர் முதல் முறையாகத் தனியாக, சிறியவராகத் தெரிகிறார். படத்தின் தொடக்கத்தில் அறிமுகவுரையோடு காட்டப்படும் அதே கற்களுக்கு அவர் தன் காலாலேயே நடந்து வந்து சேர்வதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. வேகத்துக்காக வெட்டியவர்களுக்கு இது வெறும் நடையாகத் தோன்றியிருக்கலாம். எனக்கு இது ஹோல்டனின் மனம் மாறத் தொடங்கும் இடம்.

மூன்றாவதாக, கார்ஸ்வெலுக்கும் அவன் தாய்க்கும் இடையே நடக்கும் உரையாடல்களில் சில பகுதிகள் போய்விட்டன. நியால் மெக்கின்னிஸ் ஏற்ற இந்தக் கார்ஸ்வெல் வழக்கமான மந்திரவாதி அல்லன். சிறுவர்களுக்குக் கோமாளி வேடத்தில் வித்தை காட்டி மகிழ்பவன். தாயோடு ஒரே வீட்டில் வாழ்பவன். தன் செல்வமும் வீடும் அச்சத்தின் மேல் கட்டப்பட்டவை என்றும், அந்த அச்சத்திலிருந்து தானும் தப்பவில்லை என்றும் அறிந்தவன். அவன் தாயிடம் பேசும் பேச்சைக் கேட்டவர்களுக்குத்தான் அவனுடைய முடிவு மனத்தைத் தொடும்; கேளாதவர்களுக்கு வில்லன் ஒழிந்தான் என்பதோடு முடிந்துவிடும். ஆவி அழைக்கும் காட்சியிலும் சில துணுக்குகள் போயின. ஆனால் அதன் இழப்பு மற்றவை அளவுக்குப் பெரிதல்ல.

உங்கள் பிள்ளைகளுக்குப் படம் மெதுவாகத் தோன்றினால், வெட்டியதைக் காட்டுவதைவிட, முழுப் படத்தையே இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் காட்டிப் பாருங்கள். கார்ஸ்வெலின் மாளிகையில் நடக்கும் சிறுவர் விருந்தின்போது அவனும் ஹோல்டனும் பாம்பும் ஏணியும் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைக் கடந்து செல்வார்கள். ஏணியில் ஏறுவதைவிடப் பாம்பில் சறுக்குவதே தனக்கு எப்போதும் பிடித்தது என்பான் கார்ஸ்வெல். நம்முடைய பரமபதத்தைப் போன்ற ஆட்டங்கள் இந்தியாவிலிருந்து இங்கிலாந்து போய், அங்கே பிள்ளை விளையாட்டாக மாறியவைதான் அந்தப் பாம்பும் ஏணியும். பரமபதம் ஆடி வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வரியின் குளிர்ச்சி எளிதில் உறைக்கும்.

கேள்வி: கறுப்பு-வெள்ளைப் படத்துக்கு டிவிடியே போதாதா? ப்ளூ-ரேயில் அப்படி என்ன கூடுதலாகத் தெரிந்துவிடும்? (வங்கி ஊழியர், கோயம்புத்தூர்)

பதில்: கறுப்பு-வெள்ளைப் படத்துக்குத்தான் ப்ளூ-ரே கூடுதலாகத் தேவை என்பேன். வண்ணப் படத்தில் ஒரு பொருளை அதன் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்ட நிறம் உதவுகிறது. கறுப்பு-வெள்ளையில் அந்த வேலை முழுவதையும் சாம்பல் நிறத்தின் நுண்ணிய படிகள்தான் செய்ய வேண்டும். அமெரிக்க டிவிடியின் ஒரு ஃப்ரேமில், அதாவது ஒரு தனிப்படத்தில், 720-க்கு 480 புள்ளிகள். ப்ளூ-ரேயில் 1920-க்கு 1080. கணக்குப் போட்டால் சரியாக ஆறு மடங்கு. அதோடு, இண்டிகேட்டர் வட்டுக்கு அடிப்படையாக இருப்பது பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் தேசியக் காப்பகம் 2013-இல் 2கே தரத்தில் செய்த மீட்டெடுப்பு. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் அதை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் முற்றத்திலேயே திறந்தவெளியில் திரையிட்டார்கள். கார்ஸ்வெல் ஹோல்டனிடம் தாளைச் சேர்க்கும் இடம் அந்த மியூசியத்தின் வாசகர் கூடம்தான் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, அன்று அங்கே அமர்ந்து பார்த்தவர்கள்மேல் எனக்குப் பொறாமை உண்டாகிறது.

ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். ஹோல்டன் இரவில் கார்ஸ்வெலின் மாளிகைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து படிக்கட்டுப் பகுதியைக் கடக்கும்போது, சட்டகத்தின் முன்புறத்தில், கைப்பிடியின் மேல் ஒரு கை வந்து அமர்கிறது. கேமரா அடுத்த கோணத்துக்கு மாறினால் அங்கே யாரும் இல்லை. அந்தக் கைக்குப் படத்தில் விளக்கமும் இல்லை. இசை எழும்பி அதைச் சுட்டிக்காட்டுவதும் இல்லை. அந்த இடத்தில் டிவிடியை ஒரு முறையும் ப்ளூ-ரேயை ஒரு முறையும் நிறுத்தி வைத்துப் பார்த்தேன். டிவிடியில் கை தெரியத்தான் செய்கிறது. ஆனால் சுற்றிலும் உள்ள இருள் ஒரே கறுப்புப் பூச்சாக நிற்பதால், அந்தக் கை வெளியிலிருந்து ஒட்டப்பட்டதுபோல் இருக்கிறது. ப்ளூ-ரேயில் மரத்தின் கறுப்பு வேறு, சுவரின் கறுப்பு வேறு, அப்பால் உள்ள வெற்றிடத்தின் கறுப்பு வேறு என்று பிரிந்து நிற்கிறது. அந்த இருளுக்குள் ஒருவர் நிற்க இடம் இருக்கிறது என்று கண் நம்புகிறது. நம்பிய பிறகு அங்கே யாரும் இல்லை என்று காட்டப்படும்போதுதான் முதுகுத்தண்டு சில்லிடுகிறது. அரங்கங்களை வடிவமைத்தவர் கென் ஆடம். பின்னாளில் ஜேம்ஸ் பாண்ட் படங்களின் பிரம்மாண்டமான அரங்குகளால் உலகப் புகழ் பெற்றவர். நீண்ட ஹோட்டல் தாழ்வாரமும், வட்ட வடிவ வாசகர் கூடமும், சுழன்றேறும் படிகளும் இந்தப் படத்தில் எவ்வளவு ஆழத்தோடு படமாக்கப்பட்டிருக்கின்றன என்பது நல்ல பிரதியில்தான் தெரியவருகிறது.

அந்தத் தாள் தானாகவே பறந்து கணப்பை நோக்கிப் போகும் காட்சியும் அப்படித்தான். கணப்பின் முன்னே உள்ள தடுப்புவலையில் தாள் ஒட்டிக்கொண்டு படபடவென்று துடிக்கும். வலையின் கம்பிகளும், தாளின் சுருக்கங்களும், பின்னால் எரியும் தீயின் வெளிச்சமும் தனித்தனியே தெரிந்தால், உயிருள்ள ஒன்று சாகத் துடிப்பதுபோல் அது இருக்கும்.

தெளிவு கூடுவதால் பாதிக்கப்படும் இடங்களும் உண்டு. நூலக அறையில் ஒரு பூனை சிறுத்தையாகி ஹோல்டன்மேல் பாய்கிறது. அவர் கட்டிப் புரள்வது பஞ்சடைத்த பொம்மையோடு என்பது டிவிடியிலேயே ஐயத்துக்கு இடமாக இருந்தது, ப்ளூ-ரேயில் ஐயமே இல்லை. அதற்காகப் படத்தை மங்கலாக்கியா பார்ப்பது? அரை நிமிடக் குறையைப் பொறுத்துக்கொண்டு மற்றவற்றின் அழகைப் பெறுவதே நமக்கு ஆதாயம்.

ஒரு வேண்டுகோள். 35 மில்லிமீட்டர் ஃபிலிமுக்கு இயல்பாக ஒரு பொடிமணல் தன்மை உண்டு; அதை கிரெயின் என்பார்கள். ப்ளூ-ரேயில் அது கண்ணுக்குத் தெரியும்போது வட்டில் குறை இருக்கிறது என்று எண்ணிக் கடையில் திருப்பிக் கொடுத்தவர்களை நான் அறிவேன். அது குறையன்று, அதுதான் படத்தின் உடல். உங்கள் டிவியில் இரைச்சல் நீக்கம், அசைவை மென்மையாக்கும் வசதி, படத்தை மிகைப்படுத்திக் காட்டும் 'விவிட்' முறை ஆகிய மூன்றையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். புதிய வட்டுக்குச் செலவிடுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் காரியம், செலவில்லாத இந்தக் காரியம்தான்.

கேள்வி: பிரிட்டனில் வாங்கிய டிவிடியில் முழுப் படம் என்று போட்டிருக்கிறது. ஆனால் 92 நிமிடங்களிலேயே முடிந்துவிடுகிறது. நான்கு நிமிடங்களை யார் வெட்டினார்கள்? (மாணவர், யாழ்ப்பாணம்)

பதில்: யாரும் வெட்டவில்லை. ஃபிலிம் நொடிக்கு 24 ஃப்ரேம்களாக ஓடுகிறது. பிரிட்டனிலும் நம் நாடுகளிலும் வழங்கிய 'பால்' (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் டிவிடி நொடிக்கு 25 ஃப்ரேம்களாக ஓடுகிறது. அதனால் படம் நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓடி, 96 நிமிடம் 92 நிமிடமாகிவிடுகிறது. குரல்களும் கிளிஃப்டன் பார்க்கரின் இசையும் சற்றே உயர்ந்த சுருதியில் கேட்கும். இதே கணக்கில் 82 நிமிட வடிவம் 79 நிமிடத்துக்குள் முடியும். பண்ணை வீட்டுக் காட்சி உங்கள் வட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்களிடம் இருப்பது முழுப் படமே. ப்ளூ-ரேயில் 24 ஃப்ரேம் வேகம் அப்படியே காக்கப்படுவதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

கேள்வி: இண்டிகேட்டர் ப்ளூ-ரேயில் 1.66, 1.75 என்று இரண்டு திரை அளவுகள் தரப்பட்டிருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது? இரண்டிலும் பக்கங்களில் கறுப்புப் பட்டை வருகிறதே? (பொறியாளர், சிங்கப்பூர்)

பதில்: இந்த எண்கள் படத்தின் உயரத்தைப் போல அகலம் எத்தனை மடங்கு என்பதைக் குறிக்கின்றன. உங்கள் டிவியின் விகிதம் 1.78. ஆகவே 1.75-இல் பார்க்கும்போது இருபுறமும் 15 புள்ளிகள் அளவுக்கு மெல்லிய பட்டை வரும். பலர் கவனிக்கவே மாட்டார்கள். 1.66-இல் பார்த்தால் இருபுறமும் 64 புள்ளிகள் வரை போகும், அதற்கு ஈடாக மேலும் கீழும் சிறிது கூடுதலான படம் தெரியும். 1950-களின் நடுவில் அகலத்திரை வந்துவிட்டிருந்தாலும், திரையரங்குக்குத் திரையரங்கு அளவு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஒளிப்பதிவாளர்கள் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டே படமெடுத்தார்கள்.

நான் 1.75-ஐத் தேர்ந்தெடுக்கிறேன். ஹோட்டல் தாழ்வாரத்தில் ஹோல்டன் தனியாக நிற்கும் காட்சியில் கூரை சற்று இறங்கி வந்து அவரை அழுத்துவதுபோல் இருப்பது அந்த அளவில்தான். இரண்டில் எதைப் பார்த்தாலும் பிழையில்லை. பட்டையைப் போக்க டிவியின் ஜூம் வசதியை அழுத்துவது மட்டும் கூடாது. படிக்கட்டில் வரும் அந்தக் கை ஓரத்தில்தான் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: பேயின் உருவத்தைக் காட்டியது இயக்குநருக்கு உடன்பாடில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பேய் காட்டப்படாத 'இயக்குநர் வடிவம்' ஏதாவது வட்டில் இருக்கிறதா? (திரைப்படச் சங்க உறுப்பினர், சென்னை)

பதில்: இல்லை. நான்கு வடிவங்களிலும் பேய் முழு உருவத்தோடு வருகிறது. தொடக்கத்தில், கார்ஸ்வெலை எதிர்த்துப் பலியாகும் பேராசிரியர் ஹாரிங்டனைத் துரத்தும்போதும், இறுதியில் ரயில் தண்டவாளத்தின் மேலும் அதைக் காண்கிறோம். தூர்னேர் 1942-இல் 'கேட் பீப்பிள்', அடுத்த ஆண்டு 'ஐ வாக்டு வித் எ ஸாம்பி' முதலிய படங்களைத் தயாரிப்பாளர் வால் லூட்டனுக்காக எடுத்தவர். நிழலையும் ஒலியையும் கொண்டே அச்சத்தை விளைவித்து, உருவத்தை நம் கற்பனைக்கு விட்டுவிடுவது அங்கே அவர் கைக்கொண்ட முறை. இந்தப் படத்திலும் பேயைக் கடைசியில் ஒரு சில ஃப்ரேம்களுக்கு மேல் காட்டக் கூடாது என்றே விரும்பினார். தயாரிப்பாளர் ஹால் செஸ்டர் அதற்கு இணங்கவில்லை. திரைக்கதை எழுதிய சார்ல்ஸ் பென்னட்டும் இதற்காகச் செஸ்டரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

பேய் கடைசி நேரத்தில் வெளியிலிருந்து திணிக்கப்பட்டது என்று சொல்லிவிடவும் முடியாது. படத்தின் உருவாக்கத்தைப் பற்றி நூலே எழுதிய டோனி எர்ன்ஷா, பேயைக் காட்டும் எண்ணம் தயாரிப்பின் தொடக்கத்திலேயே இருந்தது என்று வாதிடுகிறார். இண்டிகேட்டர் வட்டில் படத்தோடு ஓடும் விளக்கவுரை அவருடையதுதான்.

என் கருத்தைக் கேட்டால், முகத்தை அவ்வளவு அண்மையில் காட்டியது தவறு; தொலைவில் காட்டியது தவறன்று. மரங்களுக்கு மேலே புகை திரண்டு, எண்ணெய் காணாத சக்கரம் கிறீச்சிடுவதுபோல் ஓர் ஒலி நெருங்கி வந்து, அந்தப் புகைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று நடந்து வருவதாகத் தெரியும் அந்த முதல் சில நொடிகள், உருவத்தைக் காட்டியும் அச்சத்தைக் கெடுக்காத அரிய காட்சி. நல்ல பிரதியில் பார்க்கும்போது புகையின் அடுக்குகள் தெளிவாக இருப்பதால், தொலைவில் வரும் உருவம் முன்னைவிட நன்றாகவும், அண்மையில் தெரியும் பொம்மை முகம் முன்னைவிட மோசமாகவும் இருக்கிறது. படத்தைத் திருத்தி வெளியிடாமல், எடுத்ததை எடுத்தபடியே காத்துத் தந்திருப்பதை நான் வரவேற்கிறேன். செஸ்டரின் தவறும் இப்போது இந்தப் படத்தின் வரலாறுதான்.

கேள்வி: வெளிநாட்டு வட்டுகளை வரவழைத்தால் நம் வீட்டுக் கருவியில் ஓடுமா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: வட்டு உலகின் எந்தப் பகுதிக்கு உரியது என்பதைக் குறிக்கும் ரீஜன் குறியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். டிவிடியில் அமெரிக்கா 1, பிரிட்டன் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, இந்தியாவும் இலங்கையும் 5. ப்ளூ-ரேயில் அமெரிக்காவும் சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. 2002-இன் அமெரிக்க டிவிடி 1-ஆம் ரீஜனுக்குரியது என்பதால், இந்தியாவில் விற்கப்படும் கருவியில் அது தானாக ஓடாது. எல்லா ரீஜனுக்கும் திறந்துவிடப்பட்ட கருவி தேவை. பல டிவிடி கருவிகளை ரிமோட்டிலேயே அப்படித் திறக்கலாம். ப்ளூ-ரே கருவிகளில் அது அவ்வளவு எளிதன்று. ப்ளூ-ரே வாங்கும்போது பின்னட்டையில் ஏ, பி, சி என்ற மூன்று எழுத்துகளும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று விற்பவரிடம் கேட்டு, அட்டையின் படத்தையும் அனுப்பச் சொல்லி, அதன் பிறகே பணம் கட்டுங்கள். நான் ஒரு முறை இதைக் கேட்காமல் வேறொரு படத்தின் வட்டை வரவழைத்தேன். ஓடவில்லை; விற்றவர் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் இல்லை.

கேள்வி: இண்டிகேட்டர் தொகுப்பில் கூடுதல் அம்சங்கள் ஏராளமாக இருப்பதாகத் தெரிகிறது. எதிலிருந்து தொடங்குவது? (நூலகர், தஞ்சாவூர்)

பதில்: முதலில் படம், அதுவும் 96 நிமிட 'நைட் ஆஃப் தி டீமன்'. கதையின் முடிவைப் பேசாத கூடுதல் அம்சம் அதில் அரிது என்பதால், படத்தைப் பார்க்காமல் வேறெதையும் தொட வேண்டாம்.

அடுத்ததாக, நூலகரான உங்களுக்கு நான் பரிந்துரைப்பது மூலக்கதையின் வாசிப்பு. கேம்பிரிட்ஜில் அறிஞராக விளங்கிய எம். ஆர். ஜேம்ஸ் எழுதிய 'காஸ்டிங் தி ரூன்ஸ்' என்ற அந்தச் சிறுகதை 1911-இல் அவருடைய இரண்டாம் பேய்க்கதைத் தொகுதியில் வெளிவந்தது. நடிகர் மைக்கேல் ஹோர்டர்ன் அதைப் படித்த ஒலிப்பதிவு இந்தத் தொகுப்பில் இருக்கிறது. ஜேம்ஸ் பழஞ்சுவடிகளோடு வாழ்ந்தவர் என்பதால், கதையிலும் பிரிட்டிஷ் மியூசியத்தின் கையெழுத்துப் படிகள் பார்க்கும் அறையில்தான் அந்தத் தாள் கைமாறுகிறது. காகிதங்கள் தரையில் விழுகின்றன; தடித்த ஒரு மனிதர் குனிந்து எடுத்து, இவை உங்களுடையவை அல்லவா என்று மரியாதையோடு நீட்டுகிறார்; வாங்கியவர் நன்றி சொல்கிறார். தாளைத் தானே கையை நீட்டிப் பெற்றுக்கொண்டால்தான் ஏவல் பலிக்கும். திருப்பிக் கொடுப்பதற்கும் அதே விதிதான். கதையில் பேய் உருவமாக வருவதே இல்லை. தலையணைக்கடியில் கையை விட்டவருக்கு அங்கே பல்லும் மயிருமாக ஒரு வாய் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான். பேயைக் காட்டலாமா என்ற மேலே உள்ள கேள்விக்கு ஜேம்ஸ் எழுதி வைத்த விடையாகவே அந்த வரியைக் கேட்கலாம்.

1947-இல் அமெரிக்க வானொலியில் இதே கதை நாடகமாக ஒலிபரப்பானது. அதுவும் தொகுப்பில் இருக்கிறது. விமர்சகர் கிம் நியூமன், பண்பாட்டு வரலாற்றாசிரியர் கிறிஸ்டோஃபர் ஃப்ரெய்லிங் முதலியோரின் உரைகளைத் தனித்தனி மாலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு புரொஜெக்டரில் ஓட்டுவதற்காக ஒரு காலத்தில் சூப்பர் 8 என்னும் சிறு அளவு ஃபிலிமில் விற்கப்பட்ட சுருக்கமும் இருக்கிறது. வீடியோ கேசட்டுக்கும் முன்னால், ஒரு திரைப்படத்தை விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் எவ்வளவு சிறிய துண்டோடு மனநிறைவு கொண்டார்கள் என்பதற்கு அது சான்று.

82 நிமிட வடிவத்தைக் கடைசியாகப் பாருங்கள். ஹோபார்ட் மேடைக்குக் கொண்டுவரப்படும் இடம் வந்ததும் வட்டை நிறுத்திவிட்டு, முழு வடிவத்தில் பண்ணை வீட்டுக் காட்சியை மட்டும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, மீண்டும் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.